கொங்குநாட்டு ஊர்ப்பெயர்களும் விளக்கக் கதைகளும்

ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் காண்பதில் நம்மவர்க்கு என்றுமே ஆர்வம் மிகுதி. 1946-இல் ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலை வெளியிட்டு, இலக்கியத்தையும் கல்வெட்டையும் துணைகொண்டு இத்துறைக்கு வழிவகுத்தார். ஆயினும் கொங்குநாட்டைப் பற்றிப் பின்னர் எழுந்த விழா மலர்களையும் ஊர் வரலாறுகளையும் புரட்டுவோர், அவற்றில் சான்றினும் கதையே மிகுந்திருக்கக் காண்பர்.

ஈரோட்டையே எடுத்துக்கொள்வோம். சிவபெருமான் கையிலிருந்த ஈரமான மண்டையோட்டால் ‘ஈர ஓடு’ என்னும் பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்னும் இரண்டு ஓடைகளால் வந்தது என்பர் மற்றொரு சாரார். முன்னது கேட்க இனிய கதை. பின்னது கண்ணால் காணத்தக்க நில அமைப்பு. எனினும், பெயரின் பழைய எழுத்து வடிவம் யாது என்று வினவாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது ஆராய்ச்சி ஆகாது.

எழுத்துச் சான்று கிடைக்குமிடத்தில் வழக்கு எளிதில் தீர்கிறது. சுந்தரர் தேவாரத்தில் ஊரின் பெயர் புக்கொளியூர். அவிநாசி என்பது இறைவன் பெயர். பிற்காலத்தில் அதுவே ஊர்ப்பெயராக நிலைத்தது. நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணல் இதனினும் சிறந்த சான்று. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்னும் ஊரின் அணிகலன்களைப் புகழ்கிறது. 1980-களில் தொடங்கிய அகழாய்வில் அங்கே மணிக்கற்களைப் பட்டைதீட்டி அணிமணிகள் செய்த தடயங்கள் வெளிப்பட்டன. பெயர் சொன்னதை மண் மெய்ப்பித்தது.

கோயம்புத்தூர்ப் பெயரிலோ பூசல் ஓயவில்லை. கோவன் என்னும் தலைவன், சங்ககாலக் கோசர், கோனியம்மன் என்று ஆளுக்கொன்று உரைப்பர். அனைவரும் பெயரின் முற்பகுதிக்கே போராடுகின்றனர்; ஐயமற்ற பிற்பகுதியை நோக்குவார் குறைவு. புத்தூர் என்பது புதிய ஊர். புதிது என்றால் பழையது ஒன்று அருகே இருந்திருத்தல் வேண்டுமன்றோ? மேற்கே பேரூரும், உரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூரும் அண்மையிலேயே உள்ளன.

பிறர் கதைகளை ஐயுறும் நாம் நம் விருப்பங்களையும் அதே தராசில் நிறுத்தல் வேண்டும். சூலூருக்குத் தெற்கே சுல்தான்பேட்டை இருக்கிறது. 1799 வரை கொங்குநாடு ஹைதர், திப்பு ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்ததும் உண்மையே. அவ்வளவைக் கொண்டு, திப்புவே அவ்வூரை நிறுவினார் என்று எழுதிவிடலாகாது. அரபுச் சொல்லொன்று கொங்குமண்ணில் ‘பேட்டை’யோடு இணைந்து ஊராகிவிட்டது என்பது பெயரிலேயே தெரிகிறது. அதற்கு மேற்பட்டதற்கு ஆவணம் வேண்டும். ஊர்ப்பெயர் எந்தச் சமுதாயத்திற்கும் எழுதிக்கொடுத்த பட்டா அன்று.

அந்த ஆவணம் எங்கே இருக்கும்? கோவைக் கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை; அது நின்ற இடத்தைப் பெயர் ஒன்றே காட்டுகிறது. ஆனால் அங்கும் பிற ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய கிரயப் பத்திரங்கள் கிடக்கின்றன. பள்ளிவாசல்களில் வக்ஃபு ஏடுகளும் நிக்காஹ் தஃப்தர்களும் இருக்கின்றன. தெருவும் ஊரும் அன்று எவ்வாறு வழங்கின என்பதை அவை காட்டக்கூடும். செல்லரிப்பதற்கு முன் அவற்றைப் படியெடுத்து வைப்பது, இன்னுமொரு பெயர்க்கதை புனைவதினும் நூறு மடங்கு பயனுடைய பணியாகும்.