இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு புகைப்படத்தைப் பிரதியாக வாசிக்கும்போது, இருப்பதைவிட நீக்கப்பட்டதே முக்கியம் என்று நம்பி வந்தவன் நான். போன ஆகஸ்டில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அத்தை மகன் வீட்டில் தங்கியபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கொல்லைப்புறத்தில் சிறு தொலைநோக்கி வைத்து அவன் படம் பிடித்தது 'முகத்திரை' எனப்படும் நெபுலாவை. 1784இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. சுமார் 2400 ஒளியாண்டுத் தொலைவில், 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம். வானத்தில் ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அகலம். ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

வடிகட்டி இல்லாமல் எடுத்த படத்தில் தெருவிளக்கின் வெளுப்புத்தான். வடிகட்டியோ ஹைட்ரஜனின் 656.3, ஆக்ஸிஜனின் 500.7 நானோமீட்டர் அலைநீளங்களைச் சுற்றி மெல்லிய கீற்றை மட்டும் உள்ளே விடுகிறது. பிறகு ஐந்து நிமிடப் படங்கள் 64ஐ அடுக்கிச் சராசரி எடுக்கிறான். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 8 மடங்காகிறது.

என் விமர்சன மூளை விழித்துக்கொண்டது. 'இரைச்சல்' வெறும் இயற்பியல் சொல்லா? யார் வாழும் இடத்து வெளிச்சம் அது? புறநகரில் எடுத்த படத்தில் புறநகரே இல்லை. மையம் தன்னை நிறுவிக்கொள்ள விளிம்பைத் துடைக்கிற அதே வேலை என்றேன்.

"மச்சான், நான் எதையும் ஒளிக்கலையே. கீழே பாரு" என்றான். எந்த வடிகட்டி, எத்தனை படம், எத்தனை நிமிஷம், எந்த வாயுவுக்கு எந்த நிறம் என்று எல்லாம் படத்தின் கீழே எழுதியிருந்தான். மூலப்படங்கள் 64ம் வட்டில் அப்படியே இருந்தன.

எனக்கு என் எம்.ஏ. ஆய்வேடு ஞாபகம் வந்தது. ஊர்க் கிழவிகளின் ஒப்பாரியைக் கைப்பேசியில் பதிந்து எழுத்தாக்கினேன். இருமல், நடுவே யாரோ "காப்பி குடிக்கிறியா தம்பி" என்று கேட்டது, பாடினவள் அடி மறந்து சிரித்தது, நான் கேட்டதற்காகவே பாடினாள் என்பது, அத்தனையையும் நீக்கினேன். சுத்தமான பிரதி; ஒரு அடிக்குறிப்புகூடக் கிடையாது. பதிவையும் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். செத்தவர்களுக்கான பாட்டில் உயிரோடிருந்தவர்களை இரைச்சலாக்கியது நான்தான்.

நீக்காமல் எதையும் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீக்கியதைச் சொல்கிறோமா? பாடபேதங்களை அடியில் தந்த பழைய பதிப்பாசிரியர்களுக்கு இந்தக் கடமை தெரிந்திருந்தது. கோட்பாடு பேசுகிற நமக்கு?