முடிக்கு இருவர்

ஒரு ராஜ்யம் எக்காரணத்தால் இரண்டாகப் பிளக்கிறது என்னும் வினாவுக்குச் சரித்திராசிரியர்கள் நூல் நூலாக விடை எழுதியிருக்க, முறை வைத்து ஆடும் கணினி விளையாட்டுகளை அமைத்தவர்களோ அதைச் சில எண்களில் அடக்கியாக வேண்டியிருந்தது. 1991-ல் வெளிவந்த ஸிட் மெய்யரின் ‘ஸிவிலைஸேஷன்’ கண்ட வழி எளியது: பரந்த சாம்ராஜ்யமொன்றின் ராஜதானியைப் பகைவன் கைப்பற்றினால், நகரங்களில் ஒரு பகுதி பிரிந்து தனி நாடாகிவிடக்கூடும்.

அவ்விளையாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995-ல் தொடங்கிய ‘ஃப்ரீஸிவ்’ இவ்விதியை விரித்தது. அதன் மூல நிரல் எவருக்கும் திறந்திருப்பதால், கணக்கை வரிவரியாகப் பார்க்க முடிகிறது. நாட்டில் குறைந்தது 10 நகரங்களேனும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ராஜதானி வீழ்ந்ததும் பிளவு நேர்வதற்கான வாய்ப்பு அராஜகத்தில் 90 சதவீதம், கொடுங்கோன்மையில் 80, முடியாட்சியில் 70, கம்யூனிசத்தில் 50, குடியரசில் 40, ஜனநாயகத்தில் 30. கலகம் செய்யும் நகரம் ஒவ்வொன்றும் 5-ஐக் கூட்டும். கொண்டாட்டத்தில் திளைக்கும் நகரம் ஒவ்வொன்றும் 5-ஐக் கழிக்கும். ஆகவே கொடுங்கோலனுக்கு நான்கு நகரங்களின் கலகமே பிளவை நிச்சயமாக்கிவிட, ஜனநாயகத் தலைவனோ ஆபத்தைச் சற்று முன்னதாக உணர்ந்தால், வருமானத்தை ஆடம்பரத்துக்குத் திருப்பி, ஆறு நகரங்களைக் கொண்டாட வைத்துத் தப்பிவிடலாம். பிரஜைகளின் விசுவாசத்தைக் கடைசி நிமிஷத்தில் விலைக்கு வாங்கலாம் என்னும் கசப்பான கருத்து இந்தக் கூட்டல் கழித்தலுக்குள் இருக்கிறது. அதை ஏற்காதவர், விதிகள் எழுதிய உரைக்கோப்பைத் திறந்து எண்களை மாற்றிக்கொள்ளலாம். ‘மாட்’ என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் திருத்தத்தின் முதற்படி அது.

ஆயினும், எண்களை எவ்வளவு திருத்தினாலும் காரணம் திருந்துவதில்லை. 1861-ல் அமெரிக்கத் தென்மாநிலங்கள் போர் தொடுத்தபோது வாஷிங்டனை எந்த அந்நியனும் பிடித்திருக்கவில்லை; கி.மு. 49-ல் ஸீஸர் ரூபிகான் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கியபோது ரோமாபுரி வீழ்ந்திருக்கவில்லை. பிளவின் வித்து உள்ளேயே முளைக்க வேண்டுமானால், விளையாட்டின் நிரலிலேயே கை வைத்தாக வேண்டும்.

2005-ல் வந்த ‘ஸிவிலைஸேஷன் 4’ பைத்தான் மொழியில் அதற்கு இடம் கொடுத்தது. கேப்ரியேல் ட்ரோவாட்டோ இயற்றிய ‘ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் ஸிவிலைஸேஷன்’ என்னும் மாட், 2007-ல் அவ்விளையாட்டின் ‘பியாண்ட் த ஸ்வோர்ட்’ விரிவாக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. நகரங்கள், பொருளாதாரம், ஆட்சிமுறை, நிலவிரிவு, வெளியுறவு ஆகியவற்றால் ஒரு நாட்டின் ஸ்திரத்தன்மை அங்கே ஏறி இறங்குகிறது. அது சரிந்தால், ராஜதானியைப் பகைவன் தொடாமலே சாம்ராஜ்யம் சிதறிப்போகும். சரித்திரத்தில் தனக்குரிய காலம் வந்ததும் புதிய நாடு பிறக்க, அதன் தாயகத்து நகரங்கள் அதன் வசமாகின்றன. ஆடுபவரிடமோ, பழைய நாட்டை விட்டுப் புதியதற்கு மாறுகிறீரா என்று கேட்கப்படுகிறது. வளர்ச்சியை மட்டுமே வெற்றி என்று பழகிய ஆட்டக்காரருக்கு வீழ்ச்சியையும் விளையாட்டாக்கிக் காட்டிய உபாயம் இது.

எனினும் இவை அனைத்திலும் ஒரு குறை எஞ்சுகிறது. இவ்விளையாட்டுகளின் அஸ்திவாரம் ‘ஓர் ஆட்டக்காரர், ஒரு நாடு’ என்பதால், பிரிந்த பாதி வேறு பெயரும் வேறு நிறமும் பூண்டு, அக்கணமே அயல்நாடாகிவிடுகிறது. ஸீஸரும் அப்போரில் அவரை எதிர்த்த பாம்பேயும் இரண்டு ரோமாபுரிகளை நாடவில்லை. ஒன்றையே இருவரும் நாடினார்கள். ஒரே சிங்காதனத்துக்கு இருவர் உரிமை கோரும் நிலைக்கு இந்த நிரல்களில் இன்னும் இடமில்லாததால், திரையில் உள்நாட்டுப் போராகத் தொடங்குவது அடுத்த முறைக்குள் எல்லைப் போராகிவிடுகிறது.