வெட்டி என்றொரு வசவு

எம்.ஏ. வகுப்பில் கல்வெட்டுப் பாடம். சோழர் கால வரிகளை வரிசையாகச் சொல்லிவந்த வாத்தியார், "வெட்டி, அதாவது கூலியில்லா உழைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பின்பெஞ்சில் ஒருவன், "சார், அப்ப நாங்கல்லாம் வெட்டிதான்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது.

வெட்டிப்பய, வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை. சினிமா காமெடியிலிருந்து புரட்சிக் கவிதை வரைக்கும் இதுதான் புழக்கம். கூலி வாங்காமல் உழைத்ததைக் குறித்த சொல், உழைக்காதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. 'பொருள் மாற்றம்' என்று மொழியியல்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாற்றியது யார் வாய்? உழைப்பைச் சும்மா வாங்கியவனுக்கு, உழைத்தவன் சும்மா இருந்ததாகத்தானே தெரியும்?

சோழர் காலத்து வெட்டி சேரிக்கு மட்டுமானதல்ல. பயிரிடும் குடிகள் மீதும் விழுந்தது. ஆனால் பேரோடு ஒட்டிக்கொண்டது நம்மிடம்தான்: வெட்டியான். குழி வெட்டுவதால் வந்த பேர் என்று விளக்கம் சொல்கிறார்கள். குழி மட்டுமா வெட்டினான்? ஊர்வரிப் பணத்தைக் கச்சேரிக்குச் சுமந்தான், ஏரித் தண்ணியைத் திருப்பினான், சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக நடந்தான். கொஞ்சம் மானியம், களத்தில் அள்ளிப்போட்ட நெல், அவ்வளவுதான். மராட்டியத்தில் மகர்களைக் கட்டிப்போட்ட வதன் முறையும் இதே ரகம். அதைத் திருத்த அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்.

தெலுங்குக்காரர்களைப் பாருங்கள். 1946இல் மூண்ட தெலங்கானா எழுச்சி 'வெட்டிச் சாகிரி'யை எதிர்த்தது. அங்கே அந்தச் சொல்லில் கோபம் இருக்கிறது. நம்மிடம் அது கேலியாகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு 'பேகார்' என்ற சொல்லை ஆங்கில மூலத்திலேயே அப்படியே வைத்துத் தடைசெய்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தாலும் அது கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தன் சொல்லை விரித்துக்கொண்டே போக, நாம் நம் சொல்லைத் தொலைத்தோம்.

பதிலுக்கு இடதுசாரித் தோழர்கள் 'சுரண்டல்' கொடுத்தார்கள். நல்ல சொல்தான், நானும் மேடையில் முழங்கியிருக்கிறேன். ஒரு கூட்டம் முடிந்து வந்த ராத்திரி ஆயா கேட்டது: "சுரண்டல் சுரண்டல்னியே, சுரண்டுறதுக்கு நம்ம பானையில என்னாடா இருந்துச்சி?" சம்பளத்தில் பிடித்தால் சுரண்டல். சம்பளம் என்ற பேச்சே இல்லாத இடத்தில், பிறப்பைக் காட்டி வாங்கிய வேலைக்கு என்ன பேர்?

போன மாதம் நம் தோழர் ஒருவரின் கதையைப் படித்தேன். பண்ணையார் மகனை நாயகன் "வெட்டிப்பயலே" என்று திட்டுகிறான். எழுதியவரிடம் கேட்டேன். "சனங்க பேசுறது அதுதானே தோழர்" என்றார்.

ஆமாம், பேசுகிறார்கள். ஆயாவும் சனம்தான். அது தாத்தாவைப் பற்றிச் சொன்னது இது: "உங்க தாத்தா சோம்பேறி இல்லடா. வெட்டியாவே உழைச்சி செத்தாரு."