டி செல்லும் அந்தப் பூட்டு-சாவி உவமையும்

கிருமி புகுந்த செல்லை டி செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் யூடியூபைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பூட்டும் சாவியும். 1894-ல் எமில் ஃபிஷர் நொதிகளுக்காகச் சொன்ன உவமை இது. அங்கே நல்லாவே பொருந்தியது. அதை அப்படியே தூக்கி டி செல் மேல் வைப்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

முதலில் அடிப்படை. நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களை வெட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டுகளில் சில, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளமுள்ளவை, எம்.எச்.சி. என்ற புரதத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து செல்லின் வெளிப்பரப்புக்கு வரும். உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியே காட்டும் மாதிரி. டி செல் தன் ஏற்பியால் அதைத் தொட்டுப் பார்க்கும்.

இங்கேயே உவமை இடறுகிறது. 1974-ல் கான்பெராவில் ரால்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். வைரஸ் தொற்றிய செல்லாகவே இருந்தாலும், அதன் எம்.எச்.சி. வேறு வகையாக இருந்தால் டி செல் அதைக் கொல்லவில்லை. அதாவது, டி செல் துண்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. ஏந்தி நிற்கும் எம்.எச்.சி.யையும் சேர்த்தே பார்க்கிறது. இதற்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் எது பூட்டு, எது சாவி?

இரண்டாவது சிக்கல், கணக்கு. 20 வகை அமினோ அமிலங்களை வைத்து 9 நீளத் துண்டுகள் எத்தனை செய்யலாம்? 51,200 கோடி. எல்லாமே பள்ளத்தில் உட்காராது, சரி. நூற்றில் ஒன்று உட்கார்ந்தாலும் 512 கோடி. ஓர் எலியின் உடம்பில் இருப்பதோ சுமார் 10 கோடி டி செல்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவின்னா முக்கால்வாசிக் கிருமிகள் கண்ணில் படாமலேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு ஏற்பியும் பல துண்டுகளுக்கு இணங்கியே ஆக வேண்டும் என்று டான் மேசன் 1998-ல் வாதிட்டார். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மனித ஏற்பி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை அடையாளம் காண்பது தெரிந்தது. பத்து லட்சம் சாவிகளுக்குத் திறக்கும் பூட்டை யாராவது பூட்டுன்னு சொல்வாங்களா?

அப்படின்னா நம் சொந்தச் செல்கள் எப்படித் தப்பிக்கின்றன? தைமஸ் சுரப்பியில் ஒரு வடிகட்டல் நடக்கிறது. உடம்பின் சொந்தத் துண்டுகளை ரொம்ப இறுக்கமாகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். தேறி வருபவற்றின் பிடி, ஆன்டிபாடியின் பிடியைவிடப் பொதுவாகப் பல மடங்கு தளர்வு. அந்தத் தளர்வைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்தே டி செல் முடிவெடுக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

பூட்டு-சாவி உவமை இதையெல்லாம் மறைத்துவிட்டு, 'இன்னும் கச்சிதமான சாவி இன்னும் நல்லது' என்ற எண்ணத்தை விதைக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2013-ல் வெளியான ஒரு சிகிச்சை அறிக்கை காட்டியது. மேஜ்-ஏ3 என்ற புற்றுநோய்ப் புரதத்தின் துண்டைத் தாக்குவதற்காக, ஒரு டி செல் ஏற்பியை ஆய்வகத்தில் மாற்றி அதன் பிடியை இறுக்கினார்கள். சிகிச்சை பெற்ற முதல் இரண்டு நோயாளிகளும், ஒருவர் மெலனோமா, இன்னொருவர் மைலோமா, இதயம் செயலிழந்து சில நாட்களிலேயே இறந்துபோனார்கள்.

காரணம் டைட்டின். இதயத் தசையில் இருக்கும் இந்தப் புரதம் 34,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் நீளம். அதில் வெறும் 9 அமில நீளமுள்ள ஒரு துண்டு, மேஜ்-ஏ3 துண்டோடு 1, 3, 4, 5, 9 ஆகிய ஐந்து இடங்களில் ஒத்துப்போகிறது. மீதி நான்கு இடங்கள் வேறு. இறுக்கிய ஏற்பிக்கு அந்த ஐந்தே போதுமாக இருந்தது. மாற்றியமைத்த ஏற்பி என்பதால் தைமஸின் வடிகட்டலையும் அது கடக்கவில்லை.

உவமைதான் இரண்டு உயிரை வாங்கியது என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே சோதித்துத்தான் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளில் ஆபத்து தென்படவில்லை. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய, துடிக்கும் இதயச் செல்களோடு வைத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அதை ஒளிக்காமல் விவரமாக வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஏற்பிகளை மாற்றும் வழியும் அதோடு மூடிவிடவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃபாமி-செல், மேஜ்-ஏ4 என்ற உறவுக்காரப் புரதத்தை இப்படி மாற்றிய ஏற்பியால்தான் தாக்குகிறது.

ஆனா பாடம் சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது. வேறு உவமை வேணுமா? தூரத்தில் வரும் ஆளை நடையை வைத்துக் கண்டுபிடிப்போமே, அது கொஞ்சம் பொருந்தும். சில அடையாளங்கள் போதும், அதனாலேயே ஆள் மாறிவிடவும் வாய்ப்புண்டு. அடுத்த முறை 'புற்றுநோயை மட்டும் குறிவைக்கும் டி செல்' என்று ஒரு செய்தி வந்தால், அந்த 'மட்டும்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்க. வேறு எதையெல்லாம் அது பிடிக்கும்னு எப்படிச் சோதிச்சாங்க என்று தேடிப் பாருங்க.