எஞ்சினின் நடுக்கமும் ஒரு சிறு சோதனைக் கருவியும்

ஓட்டத்தில் யாதொரு குறையும் காட்டாத பெட்ரோல் கார், சிக்னலில் நிற்கும் சமயத்தில் மட்டும் ஸ்டியரிங் அதிரும்படி நடுங்குமானால், அதன் காரணத்தை ஊகத்தால் அல்லாமல் பரிசோதனையால் நிர்ணயிப்பதற்கு, எஞ்சின் கணினியின் தகவல்களைப் படித்துத் தரும், கட்டைவிரல் பருமனுள்ள புளூடூத் ஓ.பி.டி. கருவியும் ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் ‘டார்க் புரோ’ செயலியும் எவ்வளவு தூரம் பிரயோஜனப்படுகின்றன என்பதே இங்கு நான் ஆராய விரும்பும் விஷயம். லண்டனில் இது வெறும் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுவதும் விரிந்துவிட்ட ‘யூலெஸ்’ என்னும் மிகக்குறைந்த மாசு மண்டலத்தில், யூரோ 4 மாசுத் தரத்தை எட்டாத பெட்ரோல் காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் என்றானபின், அந்தத் தரத்தை எட்டிய பழைய கார்களையே நம்பி, வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர் பலர் இரவு வேலைக்குப் போய் வருகின்றனர். அத்தகைய காரில் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால், 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் அது பெருங்குறையாகக் கருதப்பட்டு வண்டி தேறாமற் போகும்.

நான் சோதித்த கார் வெம்பிளியில் உள்ள ஒரு நண்பருடையது. பட்டறை ஒன்று பி 0300 என்ற கோளாறுக் குறியை மட்டும் பார்த்துவிட்டு, நான்கு இக்னிஷன் காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றச் சொல்லியிருந்தது. 2001 முதல் ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பதினாறு முனைச் சாக்கெட், ஸ்டியரிங்குக்குக் கீழே எளிதில் அகப்பட்டது. கருவியைச் செருகிய மாத்திரத்தில் இரண்டு குறிகள் தெரிந்தன: குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் என்றில்லாமல் ஒழுங்கற்ற மிஸ்ஃபயர் நிகழ்வதைச் சொல்லும் பி 0300; கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருப்பதைச் சொல்லும் பி 0171. காய்ச்சல் என்று சொல்வதால் நோய் இன்னதென்று சொன்னதாகாதது போல, இக்குறிகளும் லக்ஷணத்தைத்தான் சொல்கின்றனவேயன்றி எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

கருவியின் உண்மையான மதிப்பு, ஓடும் எஞ்சினின் அளவுகளைக் கணந்தோறும் வரைபடமாகக் காட்டும் பக்கத்தில் இருக்கிறது. புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் சாட்சியத்தைக் கொண்டு, எஞ்சின் கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே ஃப்யூயல் டிரிம். நல்ல எஞ்சினில் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இந்தக் காரிலோ, நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலிங்கில் 23 சதவீதம் கூட்டப்பட்டது; 2,500 ஆர்.பி.எம். வரை உயர்த்தியதும் அது 5 சதவீதமாக இறங்கிவிட்டது. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும் ஐடிலிங்கில், இன்டேக் மேனிஃபோல்டினுள் வெற்றிடம் வலுவாக இருப்பதாலும், எஞ்சின் இழுக்கும் காற்று மிகவும் சொற்பமாக இருப்பதாலும், ஒரு சிறு வெடிப்பின் வழியே கணக்கில் வராமல் நுழையும் காற்றுங்கூடக் கலவையைக் குலைத்துவிடுகிறது. வேகம் கூடியபின் அதே கசிவு பெருங்காற்றில் கரைந்து அற்பமாகிவிடுகிறது. காற்றளவு சென்சார் அழுக்கேறியிருந்தாலோ பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ, பாரம் ஏற ஏறப் பற்றாக்குறை கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே காயில்களைத் தேடிப் போவதற்கு முன் கசிவைத் தேடுவதே முறை. (காற்றளவு சென்சாருக்குப் பதில் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் மட்டும் உள்ள கார்களில் இந்த லக்ஷணம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.)

கசிவின் இருப்பிடத்தைக் கருவி சொல்லாது. அதற்குக் கையும் காதும் வேண்டும். எரியும் திரவங்களைச் சூடான எஞ்சின்மீது தெளித்துத் தேடும் வழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புகையைச் செலுத்திக் காணும் பட்டறைச் சோதனை நிச்சயமானது. இங்கே அதற்கும் அவசியம் ஏற்படவில்லை. எஞ்சின் உள்ளறையின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுசெல்லும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில் ரப்பர் வெடித்திருந்தது. விரலால் அதை அழுத்தி மூடியவுடன், கைபேசித் திரையில், கணத்துக்குக் கணம் மாறும் குறுகிய கால டிரிம் பூஜ்யத்துக்குக் கீழே சரிந்தது, நடுக்கமும் நின்றது. நோயும் காரணமும் ஒரே கணத்தில் ஒத்துப்போன அந்தக் காட்சிக்காகவே இக்கருவியை மனமாரப் புகழலாம். புதுக் குழாய் போட்டபின் குறிகள் திரும்பவில்லை. காயில்கள் பழையனவாகவே இருக்கின்றன.

குறைகளும் உண்டு. இவ்வகைக் கருவிகளுக்கு மூலம் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த இ.எல்.எம். 327 சில்லு; மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள். 1.5 என்று பதிப்பெண் சொல்லிக்கொள்ளும் கருவியை நகல் என்றே கொள்ளலாம், ஏனெனில் அந்நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. நகல்களில் அளவுகள் தயங்கித் தயங்கி வருவதால், நுட்பமான சோதனைக்குச் சற்று விலை கூடியதை வாங்குவது உத்தமம். குறிகளை அழிக்கும் பொத்தான், கோளாறு தோன்றிய கணத்தில் கணினி பதிந்து வைத்த விவரங்களையும் சேர்த்தே அழித்துவிடும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுமுன் அதைத் தொடலாகாது.

இச்சோதனைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; ஆனால் பொதுச்சாலையில் வண்டியை நிறுத்தி வைத்து அவசியமின்றி எஞ்சினை ஓடவிட்டால் 20 பவுண்டு அபராதம் விதிக்க இடமுண்டு. கோளாறைப் பரிசோதிப்பதற்குச் சட்டம் விலக்கு அளித்தாலும், அண்டை வீட்டார் சுவாசிக்கும் காற்றை எண்ணி, திறந்த முற்றத்தில் சுருக்கமாகச் சோதித்து முடிப்பதே மரியாதை. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும்: சாவியை எடுத்த பின்னும் அந்தச் சாக்கெட்டுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் பேட்டரியை அது மெல்ல மெல்ல வற்றவைத்துவிடும்.