குட்டி யானைக்கு ஒரு படுதா

ஐப்பசியில் விடிவதற்கு முன் சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் போனால், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் படுதாமேல் மழை விழும் சத்தம் காதில் விழும். கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிவந்த குட்டி யானைகள் என்னும் டாட்டா ஏஸ் வண்டிகள் வரிசையாக நின்றிருக்கும். ஒன்றின் முதுகில் பாதி அறுபட்ட நகைக்கடை விளம்பரம். அடுத்ததில் யார் வீட்டுப் பிள்ளையின் காதணி விழா அழைப்போ. அதற்கடுத்ததில் முகங்கள் உள்பக்கம் போய் வெள்ளைப் பின்புறம் மட்டும். வேலை முடிந்து இறக்கிய ஃப்ளெக்ஸ் பேனரை வண்டி ஓட்டுகிறவரோ அவர் வீட்டிலுள்ளவர்களோ வெட்டி, ஓரம் அடித்து, கயிறு கோத்துச் செய்த போர்வைகள் இவை.

இந்தப் பழக்கத்தைப் பற்றி இரண்டு விதமாகத்தான் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒன்று, உழைப்பாளியின் சாமர்த்தியம் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுவது. மற்றொன்று, ஒட்டுப்போட்ட வேலை என்று ஒதுக்கிவிடுவது. இரண்டுமே படுதாவைத் தொட்டுப் பார்க்காதவர்கள் சொல்வது. அருகில் நின்று பார்த்தால், அந்த வேலையில் கற்றுக்கொள்ளத்தக்க நல்ல அறிவும், மாற்றியே ஆகவேண்டிய பெரிய பிழையும் சேர்ந்தே தெரிகின்றன. அறிவு கையில் இருக்கிறது. பிழை துணியில் இருக்கிறது. இதுதான் என் முடிவு. அதற்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

திறந்த வண்டிக்கு மூடி போடுவது உலகம் முழுவதும் உள்ள பழைய தேவை. பிரெஞ்சு மொழியில் ‘டோனோ’ என்றால் மரப்பீப்பாய். தொடக்ககாலத் திறந்த கார்களின் பின்னிருக்கைப் பகுதி பீப்பாய்போல் வளைந்திருந்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. கூரையை மடித்துவிட்ட காரில் மழையும் தூசியும் இருக்கைமேல் விழாமல் இழுத்துக் கட்டும் துணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பிக்கப் வண்டியின் சுமைப்பெட்டி மூடியையும் அப்படியே அழைத்தார்கள். நம் பக்கத்தில் இதற்கு இரண்டு சொற்கள். ‘படுதா’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். முதலில் அதற்குத் திரை என்று பொருள். ‘தார்ப்பாய்’ ஆங்கிலச் சொல்லின் ஒலிதான். ஆனால் தாரும் பாயும் சேர்ந்த சொல்லாக அது நம் வாயில் அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது.

டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. அதற்கு முன் சென்னையின் சில்லறைச் சுமையைப் பெரும்பாலும் மிதிவண்டிப் பலகைகளும் மீன்பாடி வண்டிகளும் சுமந்தன. அவற்றுக்குக் கோணியே போதும். வேகம் குறைவு, தூரமும் குறைவு. முக்கால் டன் சுமையோடு மேம்பாலம் ஏறும் குட்டி யானை வந்தபிறகு மூடியின் வேலை மாறிவிட்டது. மூடி செய்கிற முறை மட்டும் பெரிதாக மாறவில்லை.

அந்த முறையைப் பார்ப்போம். குட்டி யானையின் பாடி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடி அகலம். நான்கு பக்கமும் ஓரடி தொங்கவேண்டும் என்றால் ஒன்பதுக்கு ஏழு. பேனரை அந்த அளவுக்கு வெட்டி, ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்புக்குள் நைலான் கயிற்றை விட்டுத் தைக்கிறார்கள். உள்ளே கயிறு ஓடுவதால் இழுப்பு துணிமேல் விழாமல் கயிற்றின்மேல் விழுகிறது. உலோக வளையம் அடிக்கும் கருவி எல்லார் வீட்டிலும் இருக்காது. அதனால் மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, துணியை அதன்மேல் குவித்து, கழுத்தில் சுருக்குப் போட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள். ஓட்டையே போடாமல் கிடைக்கும் இந்தப் பிடி, வளையத்தைவிட உறுதியானது. துளையிட்ட இடத்தில்தான் துணி முதலில் கிழியும் என்பதைக் கிழிந்த துணிகளிலிருந்தே கற்றிருக்கிறார்கள். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக அறுத்துக் கயிற்றின் நுனியில் முடிவதும் அப்படி வந்த அறிவுதான். வண்டி குலுங்கும்போது ரப்பர் கொஞ்சம் நீண்டு கொடுத்து மறுபடி இறுக்கிக்கொள்கிறது.

இந்த வேலையின் முதல் பலம் அளவு. கடையில் தார்ப்பாய் 12-க்கு 9, 15-க்கு 12 என்று நிலையான அளவுகளில் கிடைக்கிறது. மிச்சத்தை மடித்துச் செருகினால் காற்றில் பிதுங்கி, பின்விளக்கையும் எண் பலகையையும் மறைக்கும். கையால் செய்தது வண்டியின் கொக்கிகளுக்கு நேராக முடிச்சு வைத்துச் செய்தது. ஒவ்வொரு கயிறும் தன் கொக்கிக்கு நேர் எதிரே நிற்கிறது. இரண்டாவது பலம் பழுது பார்த்தல். எங்கே தைத்தோம், எங்கே வலுவில்லை என்பது செய்தவருக்கே தெரியும். மழை நடுவே கிழிந்தாலும் குத்தூசியும் நூலும் இருந்தால் பத்து நிமிட வேலை. காசு மிச்சமாவதை இவற்றுக்குப் பிறகே வைப்பேன். காசு மட்டும்தான் காரணம் என்றால், கொஞ்சம் சம்பாதித்ததும் எல்லாரும் இதை விட்டிருப்பார்கள். இரண்டு வண்டி வைத்திருப்பவர்களும் தங்கள் படுதாவைத் தாங்களே தைப்பதைப் பார்க்கிறேன்.

இனி துணிக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலையின் இரு பக்கமும் பிவிசி பூசிய தாள். சில நாள் மின்கம்பத்தில் தொங்கி மை பளிச்சென்று தெரிந்தால் போதும் என்று செய்யப்பட்டது. சுமை தாங்குவதும், மடங்கி விரிவதும், ஆண்டுக்கணக்கில் வெயில் காய்வதும் அதற்கு இட்ட வேலைகள் அல்ல. சென்னை வெயிலில் பிவிசியை இளக்கி வைத்திருக்கும் சேர்மங்கள் மெல்ல வெளியேறுகின்றன, துணி விறைக்கிறது, மடிப்புக் கோடுகளில் வெடிக்கிறது. பருத்திக் கித்தான் இதற்கு நேர்மாறாக நடக்கும். நனைந்ததும் அதன் இழைகள் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் மூச்சு விடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது அதன் குறை. கொடியில் ஒரு நாள் உலர்த்தினால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

நீர் தேங்குவது அடுத்த பிழை. தட்டையாகக் கட்டிய படுதா நடுவில் தொய்யும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்ற தண்ணீர் பத்துக் கிலோ. இரண்டு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நின்றால் நூறு கிலோ. கீழே இருக்கும் தக்காளிப் பெட்டியின்மேல் ஓர் ஆளை ஏற்றி உட்கார வைத்ததற்கு மேல். அரங்கநாதன் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, வண்டிகள் சுற்றுவழியில் ஊர்ந்து போகும் நாட்களில் இந்தக் குளம் மணிக்கணக்கில் படுதாவில் நிற்கிறது. பிறகு ஒரு பிரேக் பிடித்தால் மொத்தமும் முன்னால் சரிந்து தையலைப் பிளக்கிறது.

மூன்றாவது பிழையைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். அது காற்று. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நான்கு கிலோ என்றால், 60-இல் பதினேழு கிலோ. பாடியை மூடும் மூன்று சதுர மீட்டருக்கு மேலான படுதாப் பரப்பை அந்த வேகத்தில் காற்று தூக்கப் பார்க்கும் விசை ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடும். ஜோன்ஸ் ரோட்டிலும் சந்துகளிலும் அசையாத முடிச்சு கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏன் அவிழ்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அப்படி அவிழ்ந்து பறக்கும் துணி பின்னால் வரும் இரு சக்கர ஓட்டியின் முகத்தில்தான் போய் விழும். 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி பள்ளிக்கரணையில் பேனர் ஒன்று ஸ்கூட்டரில் வந்த இளம்பெண்மேல் சரிந்து, நிலைகுலைந்து விழுந்தவர்மேல் பின்னால் வந்த லாரி ஏறியதை இந்த ஊர் மறந்திருக்க முடியாது. அன்று அது சாலையின் நடுத்தடுப்பிலிருந்து விழுந்தது. அதே துணி வண்டியிலிருந்து பறந்தால் கீழே இருப்பவருக்கு என்ன வித்தியாசம்? தன் சரக்குக்கு வரும் நட்டத்தை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம். பின்னால் வருகிறவர் உயிரை அந்தச் சிக்கனக் கணக்கில் சேர்க்க நமக்கு உரிமை இல்லை.

சாப்பிடும் பொருள் விஷயமும் லேசானதல்ல. அச்சுப் பக்கத்தை உள்ளே திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே வருமாறு கட்டினால் வெயிலின் சூடு குறையும். கட்சி முகத்தால் வரும் வம்பும் குறையும். ஆனால் மை படிந்த பக்கம் கீரைமேலும் மீன்மேலும் உரசும். உணவைத் தொடுவதற்கென்று செய்த துணி அன்று அது. பிவிசியை இளக்கும் தாலேட்டு வகைச் சேர்மங்கள் கொழுப்புள்ள பொருளில் எளிதாக இறங்கக்கூடியவை. போதாததற்கு, மூச்சு விடாத துணிக்குக் கீழே வெப்பமும் ஈரமும் அடைபட்டுக் கீரைக்கட்டு வெந்ததுபோல் ஆகிவிடுகிறது. நம் அம்மாக்கள் நனைத்த கோணிக்குக் கீழே கீரையை வைத்ததற்குக் காரணம் இருந்தது: நீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

“குப்பைக்குப் போகவேண்டிய பேனருக்கு இன்னொரு வாழ்வு கிடைக்கிறதே” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, நானும் பல நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிடைக்கிற அந்த வாழ்வு ஓரிரு மழைக்காலம். பிறகு துண்டு துண்டாகப் பொரிந்து அடையாற்றின் கரையிலோ பெருங்குடிக் குப்பைமேட்டிலோ போய்ச் சேர்கிறது. குளிருக்குக் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டையாக்ஸினும் வரும். மறுபயன்பாடு கணக்கைத் தள்ளிப்போடுகிறது, தீர்த்துவைப்பதில்லை. அதைவிட, படுதாவுக்கு ஆகிறது என்ற பேச்சு, ஒரு நாள் விழாவுக்கு இத்தனை பேனர் அடிப்பதற்கே ஒரு சாக்காகிவிடுகிறது.

2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தபோது இதே படுதாக்கள் சைதாப்பேட்டை ஆற்றோரக் குடும்பங்களுக்குக் கூரையாக நின்றன. அன்று அவை செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவசரத்துக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதுவே நல்லது. ஆனால் அவசரத்துக்கு உதவியதை அன்றாடத்துக்கும் வைத்துக்கொள்ளும்போதுதான் பிழை தொடங்குகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சிமென்ட் மூட்டை, மேசை நாற்காலி, பழைய இரும்பு போன்ற சுமைக்கு ஃப்ளெக்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பிடும் பொருளுக்கு அது வேண்டாம். கித்தானும், அடியில் கழுவித் துவைக்கும் வெள்ளைத் துணியும் போதும். கித்தானை வெட்டி ஓரம் அடித்துத் தர கார் இருக்கை தைக்கும் குஷன் கடைகளில் தடித்த துணிக்கான தையல் எந்திரம் இருக்கிறது. கயிறும் கூழாங்கல் முடிச்சும் ட்யூப் நாடாவும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். எந்தத் துணியானாலும், சுற்றிப் பத்துக் கட்டுகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். அண்ணா சாலையில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை இறங்கி ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நீர் தேங்குவதற்கு மருந்து நம் ஊரிலேயே இருந்தது. கூண்டு வண்டி செய்தவர்கள் மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து அதன்மேல் பாயைப் போட்டார்கள். மழை இரு பக்கமும் வழிந்தது. உள்ளே காற்று உலாவியது. குட்டி யானையின் பக்கப் பலகைகளுக்கு நடுவே மூன்று பிளாச்சுகளை வளைத்துச் செருகினால், துணியில் தண்ணீர் நிற்க இடமில்லை. கீரைக்கும் துணிக்கும் இடையே ஒரு சாண் காற்று கிடைக்கும். பாய் மட்டும்தான் தார்ப்பாயாக நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் அடியில் இருந்த வில்லை வழியில் விட்டுவிட்டோம். அடுத்த மழைக்கு முன் அதைத் திரும்ப வைக்கச் செலவு மூன்று மூங்கில் பிளாச்சுதான்.