பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பை: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும்போது பெற்றோர் எடுத்துச்செல்லும் பையில் என்ன இருக்கவேண்டும் என்பதை நோய் ஓரளவுதான் தீர்மானிக்கிறது. பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்த ஊர் ஆஸ்பத்திரியின் வழக்கம். இலங்கையின் அரசு வைத்தியசாலைகளில் கட்டில், சாப்பாடு, சிகிச்சை எல்லாம் இலவசம். அட்டை காட்டித் தகுதியை நிரூபிக்கும் வேலை இல்லை. ஆனால் விடுதிக்குள் (வார்டுக்குள்) பிள்ளையோடு தங்க ஒருவருக்கே இடம், அதுவும் பெரும்பாலும் தாய்க்கு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே குழந்தையோடு பாதிக் குடும்பம் வந்து வளாகத்தில் தங்குகிறது. பெரிய சிகிச்சை என்றால் ஆவணக் கட்டும் கூடவே வருகிறது. கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகும் பை சிறியதாகவும், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகும் கட்டைப்பை புடைத்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இலங்கைப் பையில் முதலில் வைக்கவேண்டியது, பிறந்தவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாகக் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேடு. ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. பிறப்பு நிறை, மாதாமாதம் ஏறிய நிறை, போட்ட தடுப்பூசிகள், குடும்பநல உத்தியோகத்தரின் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு மருந்தின் அளவு நிறையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்கு வேறெந்தக் காகிதத்தையும்விட இது உதவும். அடுத்தது கிளினிக் கொப்பி. தனியார் நிலையத்தில் விசேட வைத்திய நிபுணரைச் ‘சனல்’ பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, காட்டிவிட்டு, அவர் கடமையாற்றும் அரசு வைத்தியசாலையிலேயே பிள்ளையைச் சேர்ப்பது அங்கே சாதாரணம். அப்படியானால் அவர் எழுதிக்கொடுத்த துண்டும், வெளியே செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகளும் இல்லாமல் போகக்கூடாது.

தமிழ்நாட்டில் தாய்சேய் நல அட்டை ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது என்றாலும், தடுப்பூசிக் காலம் முடிந்ததும் பல வீடுகளில் அது பரணுக்குப் போய்விடுகிறது. தனியார் குழந்தை மருத்துவரிடம் ஊசி போட்ட குழந்தைக்கு வேறொரு புத்தகம் இருக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் எடுப்பதே சரி. இவற்றுக்கு மேல் காப்பீட்டு ஆவணங்கள் சேர்கின்றன. காய்ச்சலுக்கு அரசு மருத்துவமனையில் சேர்க்க இவை தேவைப்படாது. ஆனால் இதய அறுவை சிகிச்சை போன்ற பெரிய சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதானால் குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்ற சான்று ஆகியவை வேண்டும். குடும்ப அட்டையில் இன்னும் பெயர் ஏறாத கைக்குழந்தையானால் பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொள்வது நல்லது. மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும் இத்திட்டம் உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. எல்லாவற்றிலும் நான்கைந்து நகல் எடுத்து உறையில் போட்டுவைத்தால், மருத்துவமனை வாசலில் ஜெராக்ஸ் கடை தேடி அலையவேண்டியதில்லை.

இரத்தம் தேவைப்படும் சிகிச்சையில் இன்னொரு வேறுபாடு தெரியும். இலங்கை 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தத்தையே பயன்படுத்துகிறது. இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக உறவினர் கொடுக்கும்படி இன்னும் கேட்கிறார்கள். பையில் வைக்கவேண்டிய பொருள் அல்ல என்றாலும், கொடுக்கக்கூடிய நாலு பேரின் தொலைபேசி எண்களைக் குறித்து எடுத்துப்போவது தமிழ்நாட்டுப் பெற்றோர் தயாரிப்பின் ஒரு பகுதி.

உடைகளில் இரு நாட்டுக்கும் ஒரே விதிதான், இரு நாட்டிலும் அது மறக்கப்படுகிறது. கையில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் ஓடும்போது தலைவழியே மாட்டும் சட்டையைக் கழற்ற முடியாது. முன்பக்கம் பொத்தான் வைத்த, கை அகலமான பருத்திச் சட்டை நாலைந்து போதும். இலங்கையின் திறந்த விடுதிகளில் மின்விசிறிதான். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் குளிரூட்டிய அறைக்குக் காலுறையும் ஒரு ஸ்வெட்டரும் வேண்டியிருக்கும். நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடவேண்டும். களவுபோகும் என்பது மட்டும் காரணமில்லை: ஊசி ஏற்றிய கை வீங்கினால் வளையல் இறுகும், எக்ஸ்ரேயில் சங்கிலி நிழலாக விழும். இலங்கையில் கழுத்தில் போடும் பஞ்சாயுதமும் தமிழ்நாட்டில் மணிக்கட்டில் கட்டும் வசம்பு வளையமும் இதில் அடங்கும். கழற்ற மனம் வராத பாட்டிகளோடு வாதாடுவதைவிட அவற்றைத் தாயின் முந்தானையில் முடிந்துவைப்பது எளிது. விரலில் மாட்டும் கருவி இரத்தத்தில் உயிர்வாயு அளவைத் தவறாகக் காட்டாதிருக்க நகப்பூச்சையும் அழித்துவிடுவது நல்லது.

உடன் இருப்பவருக்கான பொருள்களில்தான் பைகள் பெரிதும் பிரிகின்றன. இலங்கைத் தாய்க்கு இரண்டு மாற்றுடுப்பு, துவாய், சவர்க்காரம், சிலிப்பர், கோப்பை, சுடுதண்ணிப் பிளாஸ்க், தொலைபேசி சார்ஜர். இதற்கு மேல் கொண்டுபோனால் கட்டிலருகே வைக்க இடமிருக்காது. விடுபட்டதைப் பார்வையாளர் நேரத்தில், பெரும்பாலும் நண்பகலிலும் பின்னேரத்திலும், தந்தை கொண்டுவருவார். தமிழ்நாட்டில் குழந்தையோடு வார்டில் ஒருவர், வராந்தாவிலோ மரத்தடியிலோ இன்னும் இருவர் என்பதால் பாய், போர்வை, வாளி, மக், தூக்குவாளி என்று ஒரு சின்னக் குடித்தனமே வரும். அதைக் குறை சொல்வதற்கில்லை. மருந்துச்சீட்டோடு ஓட, பரிசோதனை முடிவு வாங்க, வரிசையில் நிற்க அங்கே ஆள் தேவைப்படுகிறது. பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை மட்டும் சுமை கொஞ்சம் குறைவு: அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட குழந்தைநலப் பரிசுப் பெட்டகத்தில் கொசுவலை, துண்டு, கிலுகிலுப்பை முதல் தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியம் வரை 16 பொருள்கள் இருந்தன.

பால் புட்டியை இரு நாட்டு அரசு மருத்துவமனைகளும் விரும்புவதில்லை. தாய்ப்பாலைக் கறந்து கொடுக்கவேண்டியிருந்தால் இலங்கையில் கோப்பையும் கரண்டியும், தமிழ்நாட்டில் பாலாடை என்னும் சிறு ஊட்டுகிண்ணமும். வளர்ந்த பிள்ளைக்கு இலங்கையில் பால்மா டின்னும் கிரீம் கிராக்கரும் போகும். தமிழ்நாட்டில் பாலை வாசலிலுள்ள ஆவின் பூத்திலோ டீக்கடையிலோ வாங்கிக்கொள்வார்கள்.

டெங்கு என்று சந்தேகம் வந்தால் சாப்பாட்டுப் பையைத் தனியாக யோசிக்கவேண்டும். 2017இல் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட இலங்கையில் விடுதிக்கு விடுதி இந்தப் பழக்கம் ஊறிவிட்டது: பிள்ளை குடித்த ஒவ்வொரு மிடறும், போன சிறுநீரும் அளந்து எழுதப்படும். அளவுகோடு போட்ட கோப்பை, ஒரு கொப்பி, பேனை இவை மூன்றும் பையில் இருந்தால் தாதியின் வேலையும் தாயின் வேலையும் இலகு. இளநீர், கஞ்சித் தண்ணீர், ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல்) எல்லாம் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களை மட்டும் கொண்டுபோகக்கூடாது. பிள்ளை வாந்தியெடுத்தால் வந்தது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். பார்க்க வருவோர் வாஞ்சையோடு கொண்டுவரும் மாதுளைச் சாறு, மைலோ, கோலா மூன்றும் இதில் சிக்குகின்றன. தமிழ்நாட்டில் காய்ச்சல் காலத்தில் அரசே வழங்கும் நிலவேம்புக் குடிநீரும் கபில நிறம்தான். கொடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.

மருந்துகளின் பெயரை நினைவில் வைப்பதைவிடப் போத்தலையும் அட்டையையும் அப்படியே எடுத்துப்போவது மேல். ஆஸ்துமாப் பிள்ளையின் இன்ஹேலரோடு அதன் ஸ்பேசரும் போகவேண்டும். வீட்டில் கொடுத்த கொத்தமல்லிக் குடிநீர், உரைமருந்து போன்றவற்றை மறைப்பது இரு நாட்டிலும் உள்ள வழக்கம், மறைப்பதால் கெடுதல்தான். கொண்டுபோன மருந்தைத் தாதியிடம் காட்டாமல் தாயே தொடர்ந்து கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகும் ஆபத்து உண்டு. பனடோலில் (பாராசிட்டமால்) இது அடிக்கடி நடக்கக்கூடியது.

இலங்கையிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்காகப் பிள்ளையைக் கொண்டுவரும் குடும்பங்களின் பையில் இரண்டு நாட்டு வழக்கமும் கலக்கும். கடவுச்சீட்டு, மருத்துவ விசா, அழைப்புக் கடிதம் இவற்றோடு, இதயத்தின் எக்கோ, ஸ்கேன் பதிவுகளை அறிக்கையாக மட்டுமல்லாமல் குறுந்தட்டிலும் கொண்டுவந்தால் திரும்ப எடுக்கும் செலவு மிச்சமாகலாம். இலங்கையில் இப்போது பரவலாகிவரும் சதுரமுள் பிளக் இந்தியச் சுவரில் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

வீடு திரும்பும்போது இலங்கையில் டயக்னோசிஸ் கார்டும் தமிழ்நாட்டில் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் கிடைக்கும். அடுத்த கிளினிக் திகதி அதில் இருக்கிறதா, தொடரவேண்டிய மருந்தின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று விடுதியை விட்டு வெளியேறும் முன்பே பார்த்து, சுகாதாரப் புத்தகத்தின் உறைக்குள் செருகிவிடவேண்டும்.